வோல்டேஜ் ஊர் சமாச்சாரம், அதிர்வெண் நாட்டுச் சமாச்சாரம்: கிரிட் எப்படி நிலைத்து நிற்கிறது?

நீலகிரியில் மஞ்சூர், எமரால்டு, கெத்தை பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எழும் கேள்வி ஒன்றுதான். "டேம் பூரா தண்ணி நிக்குது, பவர் ஹவுஸ் கண்ணெதிர்ல இருக்கு, நமக்கு மட்டும் ஏன் கரண்ட் இல்ல?" கேள்வியில் தப்பில்லை. அதற்கு டீக்கடையில் கிடைக்கும் பதில்கள்தான் தப்பு. உற்பத்தி ஆவதையெல்லாம் கீழே அனுப்பிவிடுகிறார்கள் என்பார் ஒருவர். லோ வோல்டேஜ் என்றால் டேமில் தண்ணீர் குறைந்துவிட்டது என்பார் இன்னொருவர். பகலில் டர்பைன் நின்றிருந்தால் மிஷின் ரிப்பேர் என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

கரண்ட் போவது, வோல்டேஜ் குறைவது, அதிர்வெண் குறைவது ஆகிய மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். காரணம் வேறு, பார்த்துக்கொள்ளும் கருவி வேறு, சரியாக எடுக்கும் நேரமும் வேறு. பொறியியல் கல்லூரிகளில் எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் என்று இரண்டு வருடம் படிப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்து, ஒன்று மற்றதை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்குப் போடுவதுதான். அந்தப் படிப்பின் அடித்தளத்தை நீலகிரியின் நீர்மின் நிலையங்களை வைத்தே விளக்க முடியும்.

## கம்பியில் எதுவும் தேங்காது

அவலாஞ்சி அணையில் தண்ணீரைத் தேக்கலாம். கம்பியில் மின்சாரத்தைத் தேக்க முடியாது. நாடு முழுக்க இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, கம்பிகளில் சூடாக வீணாவதையும் சேர்த்து, அவ்வளவும் இந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். பேட்டரிகளும் நீரேற்று நிலையங்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை மின்சாரத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி வைப்பவை. கம்பியைப் பொறுத்தவரை பேட்டரியும் ஒரு லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் ஒன்று, அல்லது ஓர் உற்பத்தி நிலையம், அவ்வளவுதான்.

அப்படியானால் குன்னூரில் ஒருவர் கீசர் போடும்போது அந்த 2 கிலோவாட் உடனே எங்கிருந்து வருகிறது? அவர் போடப்போவது பைக்காரா பவர் ஹவுஸில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாதே!

நீலகிரியின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் லைன் ஷாஃப்ட் என்று ஒன்று இருந்தது. கூரைக்குக் கீழே, கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடும் ஒரே இரும்புத் தண்டு. ஒரு முனையில் ஆயில் என்ஜின் அதைச் சுற்றும். ரோலருக்கு ஒரு பெல்ட், சல்லடைக்கு ஒரு பெல்ட், டிரையர் காற்றாடிக்கு ஒரு பெல்ட் என்று எல்லா மிஷினும் அந்தத் தண்டிலிருந்துதான் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் தண்டில் புதிதாக ஒரு ரோலரின் பெல்ட்டை மாட்டினால், தண்டின் வேகம் சட்டென்று ஒரு சொட்டு இறங்கும். ரோலருக்குத் தேவையான சக்தியை முதலில் கொடுத்தது என்ஜினின் டீசல் அல்ல. சுற்றிக்கொண்டிருந்த தண்டும் அதில் மாட்டிய ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரமும் தங்கள் வேகத்திலிருந்து கிள்ளிக் கொடுத்தவை. வேகம் இறங்கியதைக் கண்டு கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி டீசலைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

மின்நிலையங்களையும் ஊர்களையும் கம்பிகளால் ஒன்றாக இணைக்கும் வலைதான் கிரிட். அது இதே லைன் ஷாஃப்ட், ஆனால் இரும்பால் அல்ல, காந்தப் புலத்தால் ஆனது. குந்தாவின் ஜெனரேட்டரும் நெய்வேலியின் ஜெனரேட்டரும் ராஜஸ்தானில் ஓடும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில் மாட்டியவை போல ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. கீசர் போட்டதும் இந்தச் சுழலும் இரும்பு எல்லாம் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு வேகம் குறைந்து, அந்த 2 கிலோவாட்டைத் தந்துவிடுகிறது.

## 50 என்ற எண்

தண்டின் வேகத்துக்கு மின் உலகில் பெயர் அதிர்வெண். ஒரு நொடியில் மின்னோட்டம் எத்தனை முறை முழுச் சுற்றாகத் திசை மாறி வருகிறது என்பது, அலகு ஹெர்ட்ஸ். 10 காந்தத் துருவங்கள் கொண்ட ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் வரும். துருவங்கள் குறைந்தால் அதற்கேற்ப வேகமாகச் சுற்ற வேண்டும்: இரண்டே துருவம் உள்ள அனல் மின் ஜெனரேட்டர் 3000 சுற்று. மிஷின்கள் வேறு, வேகம் வேறு. வெளியே வரும் 50 மட்டும் ஒன்றே.

உற்பத்தியும் செலவும் சரிசமமாக இருந்தால் 50 அசையாது. செலவு மிஞ்சினால் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். இந்தியாவில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியின் குறுகலைப் பார்த்தாலே எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று புரியும்.

2013 டிசம்பர் 31 வரை தென்னிந்தியா தனித் தண்டாக ஓடியது. அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக வட கிரிட்டோடு இணைக்கப்பட்ட பிறகுதான் நாடு முழுக்க ஒரே அதிர்வெண். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு இருண்டபோது தெற்கு தப்பித்ததற்குக் காரணம் அந்தத் தனித் தண்டுதான். ஊட்டியில் ஒரு பிளக்கிலும் குவஹாத்தியில் ஒரு பிளக்கிலும் இப்போது அளந்தால் அதே எண்தான் காட்டும்.

இதுவரை பார்த்தது: மின்சாரம் தேங்குவதில்லை. உற்பத்திக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் சுழலும் மிஷின்களின் வேகத்தில் தெரியும். அந்த வேகம்தான் அதிர்வெண். அது நாடு முழுக்க ஒன்று.

## முதல் ஒரு நொடி: நிலைமம்

எங்கோ ஒரு பெரிய அனல் நிலையம் திடீரென்று நின்றுபோனால் அதிர்வெண் எவ்வளவு வேகமாக விழும்? சுழலும் இரும்பில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சுழல்வது சுழன்றுகொண்டே இருக்கப் பார்க்கும் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். ஒரு மிஷின் தன் சுழற்சியில் மட்டும் வைத்திருக்கும் சக்தியைக் கொண்டு முழு லோடை எத்தனை நொடி தாங்கும் என்று கணக்கிட்டு, அந்த நொடிகளாலேயே நிலைமத்தைச் சொல்வார்கள். நீர்மின் மிஷினுக்குச் சுமார் 2 முதல் 4 நொடி. அனல் மிஷினுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

கணக்கு எளிது. குறைந்துபோன மெகாவாட்டை 50ஆல் பெருக்கி, ஓடும் மிஷின்களின் மொத்தத் திறனையும் நிலைம நொடியின் இரு மடங்கையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 2,00,000 மெகாவாட் ஓடும் கிரிட்டில், நிலைமம் 4 நொடி என்று வைத்து, 2,000 மெகாவாட் போனால் அதிர்வெண் நொடிக்கு 0.06 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கும். சமாளிக்க நேரம் இருக்கிறது.

இப்போது நீலகிரி மட்டும் தனித் தண்டாக ஓடுகிறது என்று கற்பனை செய்வோம். 500 மெகாவாட் மிஷின்கள், நிலைமம் 3 நொடி. அதில் ஒரே ஒரு 60 மெகாவாட் மிஷின் போனால் கணக்கு நொடிக்கு 1 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. இரண்டு நொடியில் 48. அதற்குள் யாரும் போனை எடுத்து எதுவும் சொல்ல முடியாது. "நம்ம மலைக்கு நம்ம கரண்ட்" என்று தனியாக ஓட்டுவதன் விலை இதுதான். தண்டு பெரிதாக இருந்தால்தான் குலுக்கல் சிறிதாக இருக்கும்.

சூரிய மின் பலகைகளும், இப்போது வரும் பெரும்பாலான காற்றாலைகளும் இன்வெர்ட்டர் வழியாக இணைகின்றன. அதாவது தண்டில் நேரடியாக மாட்டப்படவில்லை. அவை உற்பத்தி தரும், நிலைமம் தராது. நல்ல வெயில் நேரத்தில் சுழலும் இரும்பு குறைவு, அதனால் அதிர்வெண் வேகமாக ஆடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் இவ்வளவு வளர்ந்த தமிழ்நாட்டில் பவர் சிஸ்டம்ஸ் படிப்பவர்கள் இன்றைக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

## அடுத்த சில நொடிகள்: கவர்னரும் டிரூப்பும்

வேகம் இறங்குவதை உணர்ந்து தண்ணீரைக் கூட்டும் கருவி கவர்னர். அது 50ஐ எட்டும்வரை விடாமல் கூட்டிக்கொண்டே போகும் என்றுதான் புதிதாகப் படிப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி வைத்தால் கெட்டது. ஒரே தண்டில் இருக்கும் இரண்டு மிஷின்களின் அளவுமானியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், ஒன்று "50க்குக் கீழே" என்று கூட்டும், மற்றது "50க்கு மேலே" என்று குறைக்கும். கடைசியில் ஒன்று முழு லோடில், மற்றது சும்மா.

அதனால் கவர்னருக்கு வேண்டுமென்றே ஒரு விட்டுக்கொடுப்பு வைக்கிறார்கள். அதற்கு டிரூப் என்று பெயர். 5 சதவீத டிரூப் என்றால், அதிர்வெண் 5 சதவீதம், அதாவது 2.5 ஹெர்ட்ஸ் மாறினால்தான் மிஷின் தன் முழுத் திறன் அளவுக்கு மாறும். குந்தா மூன்றாம் பவர் ஹவுஸில் இருப்பது போன்ற 60 மெகாவாட் மிஷின் ஒன்றை எடுத்துக்கொண்டால், 0.1 ஹெர்ட்ஸ் குறைவுக்கு 2.4 மெகாவாட் கூட்டும். பெரிய மிஷின் அதிகம் தரும், சிறியது கொஞ்சம் தரும்; யாரும் யாரோடும் பேசிக்கொள்ளாமலே பங்கு சரியாகப் பிரிந்துவிடும். இந்தத் துறையின் மிக அழகான ஏற்பாடு இதுதான் என்று தோன்றும்.

ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. டிரூப் விழுதலை நிறுத்தும், 50க்குத் திருப்பிக் கொண்டுவராது. 49.93இல் போய் நிற்கும். மிச்சத்தைச் சரிசெய்ய டெல்லியில் இருக்கும் தேசிய லோடு டிஸ்பாட்ச் மையத்தின் கணினி, 4 நொடிக்கு ஒரு முறை குறிப்பிட்ட நிலையங்களுக்குக் கூட்டு, குறை என்று சிக்னல் அனுப்புகிறது. அதற்கும் மேலே, 15 நிமிடத் துண்டுகளாக நாளைய உற்பத்தியைத் திட்டமிடும் வேலையை மாநில, மண்டல மையங்கள் பார்க்கின்றன. தமிழ்நாட்டுக்குச் சென்னை, தென் மண்டலத்துக்குப் பெங்களூரு.

எல்லாம் கைமீறினால்? 49.4 ஹெர்ட்ஸில் தொடங்கி 48.8 வரை படிப்படியாக, துணை மின்நிலையங்களில் உள்ள ரிலேக்கள் என்னும் காவல் கருவிகள், ஊர்களுக்குப் போகும் லைன்களான ஃபீடர்களைத் தாமாகவே வெட்டிவிடும். சில ஊர்களை இருட்டாக்கி நாட்டைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அந்த வெட்டில் உங்கள் ஊர் இருந்தால் திட்டுவதற்கு ஆள் கிடையாது.

## தண்ணீருக்கும் பிடிவாதம் உண்டு

கவர்னர் சொன்னதும் தண்ணீர் உடனே கேட்டுவிடாது. 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா பவர் ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளென்மார்கன் மேட்டிலிருந்து சிங்காரா வரை தண்ணீர் விழும் உயரம் 900 மீட்டருக்கும் மேல். பென்ஸ்டாக் என்னும் இரும்புக் குழாயில் இறங்கி, மூக்குக் குழல் வழியாகப் பீய்ச்சி, பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் அடிக்கும். 900 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் பீய்ச்சலின் வேகம் நொடிக்குச் சுமார் 133 மீட்டர். மணிக்கு 475 கிலோமீட்டருக்கு மேல். நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் இருந்தாலே, இழப்பு போக ஏழு மெகாவாட்டுக்கு மேல் கிடைக்கும். உயரம் அதிகம், தண்ணீர் கொஞ்சம் என்பதுதான் நீலகிரித் திட்டங்களின் பலம்.

அந்தப் பலமே கட்டுப்பாட்டில் வில்லங்கமும் ஆகிறது. 2 கிலோமீட்டர் குழாய் நிறையத் தண்ணீர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கூடுதல் சக்தி வேண்டும் என்று மூக்குக் குழலை அகலமாகத் திறக்கிறீர்கள். குழாயில் இருக்கும் பல ஆயிரம் டன் தண்ணீர் அந்த நொடியே வேகம் பிடிக்காது. வருவது அதே அளவு தண்ணீர், வெளியேறும் வாய் மட்டும் பெரிது. அதனால் பீய்ச்சலின் வேகம் குறையும், சக்கரத்துக்குக் கிடைக்கும் சக்தியும் முதலில் குறையும்! கூட்டச் சொன்னால் முதலில் குறைத்துவிட்டு, பிறகுதான் கூட்டும். மேலே சொன்ன அளவுகளுக்கு இந்தத் தயக்கம் சுமார் ஒரு நொடி. கவர்னரை அவசரக்காரனாக வைத்தால், சக்தி குறைவதைப் பார்த்து இன்னும் திறக்கும், பிறகு தேவைக்கு மேல் போய்விடும், உடனே மூடும். மிஷின் ஊஞ்சலாடத் தொடங்கிவிடும். நீர்மின் கவர்னர்களை வேண்டுமென்றே நிதானமாக வைப்பது இதனால்தான்.

மூடுவது இன்னும் ஆபத்து. ஓடும் தண்ணீரைப் பட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயை அறையும். வாட்டர் ஹாமர் என்பது இதைத்தான். பென்ஸ்டாக் வெடித்தால் கீழே பவர் ஹவுஸ் மிஞ்சாது. அதனால் பெல்டன் மிஷினில் இரண்டு ஏற்பாடு உண்டு. லைன் துண்டாகி லோடு திடீரென்று போனால், டிஃப்ளெக்டர் என்னும் தகடு ஓரிரு நொடியில் குறுக்கே வந்து பீய்ச்சலைச் சக்கரத்திலிருந்து திருப்பிவிடும். தண்ணீர் வீணாக ஓடும், குழாய்க்குச் சேதமில்லை. மூக்குக் குழலின் ஊசி அதன் பிறகு நிதானமாக, பல நொடி எடுத்து மூடும். டிஃப்ளெக்டர் சிக்கிக்கொண்டால் சக்கரம் தன் வேகத்தைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு வரை ஓடிவிடும். அந்த வேகத்தைத் தாங்கும்படிதான் ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டாரை வடிவமைக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் நீர்மின் நிலையம் கிரிட்டின் கைக்குழந்தை அல்ல, கைத்தடி. நின்றிருக்கும் மிஷினைச் சில நிமிடங்களில் முழு லோடுக்குக் கொண்டுபோகலாம். குளிர்ந்து கிடக்கும் அனல் நிலையத்துக்குப் பல மணி நேரம் ஆகும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைக்கச் சொன்னபோது நாட்டின் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்து, பிறகு திரும்ப ஏறியது. அன்று வீட்டில் டிவி, பிரிட்ஜ் எரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பயம் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் குழப்பிக்கொண்டதால் வந்தது. நடந்தது வேறு. முன்கூட்டியே அனல் நிலையங்களைக் குறைத்து நீர்மின் நிலையங்களை ஏற்றி வைத்தார்கள். விளக்குகள் அணைய அணைய நீர்மின் உற்பத்தியை இறக்கி, எரிய எரிய ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது.

பகலில் டர்பைன் நிற்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும்போது தண்ணீரை விரயம் செய்ய வேண்டியதில்லை. மாலை ஆறரைக்குமேல் சூரியன் போய், வீடுகளில் விளக்கு ஏறும்போதுதான் அந்தத் தண்ணீருக்கு மதிப்பு. குந்தாவில் கட்டப்பட்டுவரும் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. மிஞ்சும் நேரத்தில் அவலாஞ்சி–எமரால்டு நீரை மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது இறக்குவது. ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் 1980களிலிருந்தே இது நடக்கிறது.

## வோல்டேஜ்: இது உள்ளூர்க் கணக்கு

இனி லோ வோல்டேஜுக்கு வருவோம். டிசம்பர் இரவு, தெருக்கோடி. ஒரே ஃபேஸில் பத்து வீடு, ஆளுக்கொரு 2,000 வாட் ஹீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் அரை கிலோமீட்டர் தள்ளி. கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.54 ஓம் என்றால், போக வர ஒரு கிலோமீட்டருக்கு 0.54 ஓம். பத்து ஹீட்டரும் சேர்ந்து 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியிலேயே சுமார் 40 வோல்ட் தொலைந்துவிடும். 230இல் கிளம்பியது வீட்டுக்கு வரும்போது 190. பொது விதிப்படி 6 சதவீதம் வரைதான் குறையலாம், அதாவது 216. இந்த 190க்கும் அப்பர் பவானி அணையின் நீர்மட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே வீட்டில் அதிர்வெண்ணை அளந்தால் 50தான் இருக்கும். மருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கிட்டத்தில் வைப்பது, கம்பியைத் தடிமனாக்குவது, மூன்று ஃபேஸிலும் லோடைச் சமமாகப் பிரிப்பது. டேமைப் பார்த்துப் பயனில்லை.

பெரிய லைன்களில் வோல்டேஜைக் கெடுப்பது மின்தடை மட்டுமல்ல. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்யக் காந்தப் புலம் வேண்டும். அது நொடிக்கு 100 முறை எழும்பி அடங்குகிறது. அதற்காகக் கம்பியில் போவதும் வருவதுமாக அலையும் சக்திக்கு ரியாக்டிவ் பவர் என்று பெயர். நிகரமாகச் செலவாகாது, மீட்டரில் யூனிட்டாக ஏறாது, ஆனால் கம்பியில் இடத்தை அடைத்துக்கொண்டு வோல்டேஜை இறக்கும். இதைத் தூரத்திலிருந்து அனுப்பவே முடியாது. வழியிலேயே லைன் தின்றுவிடும். தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே கெபாசிட்டர்களாலோ ஜெனரேட்டர்களாலோ தர வேண்டும். அதனால்தான் வோல்டேஜ் உள்ளூர்க் கணக்கு ஆகிறது.

ஜெனரேட்டரில் இதற்குத் தனிக் கருவி உண்டு. கவர்னர் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். தானியங்கி வோல்டேஜ் ரெகுலேட்டர் ரோட்டாரின் காந்தத்துக்குப் போகும் டி.சி. கரண்டைப் பார்த்துக்கொள்ளும். காந்தத்தைக் கூட்டினால் ரியாக்டிவ் பவர் வெளியே போய் வோல்டேஜ் ஏறும், மெகாவாட் கூடாது. மெகாவாட் கூட வேண்டுமானால் தண்ணீர்தான் கூட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

சுருக்கமாக: அதிர்வெண்ணை ஆள்வது மெகாவாட், அது நாடு முழுக்க ஒன்று. வோல்டேஜை ஆள்வது ரியாக்டிவ் பவரும் கம்பியின் நீளமும், அது இடத்துக்கு இடம் வேறு.

## மரம் விழுந்த அந்த 0.18 நொடி

தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு கற்பூர மரம், பவர் ஹவுஸிலிருந்து கிளம்பும் லைனில் சாய்கிறது. ஷார்ட் ஆன இடம் கிட்டத்தில் இருந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், ஜெனரேட்டரால் வெளியே சக்தி அனுப்ப முடியாது. தண்ணீரோ அடித்துக்கொண்டே இருக்கிறது. போக வழியில்லாத அந்தச் சக்தி முழுவதும் ரோட்டாரை வேகப்படுத்தும்.

லைன் ஷாஃப்ட் நீளமாக இருந்தால் லோடு ஏறும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் அல்லவா? கிரிட்டிலும் ஒவ்வொரு ஜெனரேட்டரும் மற்றவற்றைவிடச் சற்று முன்னால் முறுக்கி நின்றுதான் சக்தியைத் தள்ளுகிறது. அந்த முறுக்கின் அளவுக்குப் பவர் ஆங்கிள் என்று பெயர். கோணம் கூடக் கூட அனுப்பும் சக்தி கூடும், 90 டிகிரி வரை. அதைத் தாண்டினால் கோணம் கூடச் சக்தி குறையும். ஷார்ட் ஆன நேரத்தில் இந்தக் கோணம் ஓடிப்போகிறது. குறித்த எல்லைக்குள் லைனை வெட்டிவிட்டால் மிஷின் ஆடி அடங்கி நிற்கும். இல்லையென்றால் தாளம் தப்பிவிடும், அதைக் கிரிட்டிலிருந்து பிரித்தே ஆக வேண்டும்.

நிலைமம் 3 நொடி, முழு லோடு, தொடக்கக் கோணம் 30 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் ஷார்ட் ஆன பிறகு 0.1 நொடியில் கோணம் 15 டிகிரி கூடும், 0.2 நொடியில் 60 டிகிரி, 0.3 நொடியில் 135. தப்பிக்கும் எல்லை சுமார் 0.18 நொடி. இந்த இடத்தில் கவர்னரால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் மனது மாறவே ஒரு நொடி வேண்டும் என்று பார்த்தோமே. காப்பாற்றுவது ரிலேயும், லைனை வெட்டும் சுவிட்சான பிரேக்கரும்தான். ரிலே கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், பிரேக்கர் திறக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 0.1 நொடி அளவில் முடிய வேண்டும். பிரேக்கரின் ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தாலோ, பிரேக்கரைத் திறக்கவைக்கும் ட்ரிப் சர்க்யூட்டின் பேட்டரி செத்திருந்தாலோ அந்த 0.1 என்பது 0.3 ஆகிவிடும். பராமரிப்பில் பேட்டரி அறையை முதலில் பாருங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

## அப்படியென்றால் நம் ஊரில் ஏன் கரண்ட் இல்லை?

பவர் ஹவுஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் 110 அல்லது 230 கிலோவோல்ட்டாக உயர்த்தப்பட்டு கிரிட்டுக்குப் போகிறது. உங்கள் ஊருக்கு வருவது, ஏதோ ஒரு துணை மின்நிலையத்தில் இறக்கப்பட்டு, 11 கிலோவோல்ட் லைனாகத் தேயிலைத் தோட்டம், சோலை, சீகை மரக்காடு எல்லாம் தாண்டி. அந்த 11 கிலோவோல்ட் லைனில் ஒரு கிளை விழுந்தால் போதும். தேசிய அதிர்வெண் 50இல் இருக்கும், டேம் நிரம்பியிருக்கும், ஊர் இருட்டாக இருக்கும். சரிவில் லைன்மேன் மழையில் நடந்துபோய் விழுந்த இடத்தைத் தேட வேண்டும். நேரம் பிடிப்பது அதற்குத்தான்.

பக்கத்துப் பவர் ஹவுஸ் நேரடியாக உதவும் தருணம் ஒன்று உண்டு, அது கிரிட்டே படுத்துவிட்டால். எல்லாம் இருண்டபின் வெளியிலிருந்து கரண்ட் வாங்காமல் ஒரு நிலையத்தைக் கிளப்புவதற்கு பிளாக் ஸ்டார்ட் என்று பெயர். அனல் நிலையத்தால் முடியாது. அதன் பம்புகளுக்கும் மின்விசிறிகளுக்குமே பல மெகாவாட் வேண்டும். நீர்மின் நிலையத்துக்கு டீசல் செட்டும் பேட்டரியும் போதும். கவர்னர் எண்ணெய் பம்பை ஓட்டி, வால்வைத் திறந்து, வேகம் பிடித்ததும் பேட்டரியிலிருந்து காந்தத்துக்கு ஒரு தொடக்கக் கரண்ட் கொடுத்தால் வோல்டேஜ் எழும்பும். பிறகு செத்துக் கிடக்கும் லைனுக்கு உயிர் கொடுத்து, லோடைச் சிறுசிறு துண்டாக மாட்ட வேண்டும். ஒரே மிஷின் ஓடும்போது நிலைமம் கொஞ்சம். அவசரப்பட்டுப் பெரிய ஃபீடரை மாட்டினால் அதிர்வெண் விழுந்து மறுபடி எல்லாம் படுத்துவிடும். லோடே இல்லாத நீண்ட லைன் தானே ரியாக்டிவ் பவரை உண்டாக்கும் என்பதால் அதன் மறுமுனையில் வோல்டேஜ் எகிறும், அதையும் அடக்க வேண்டும். மேலே சொன்ன எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் தேர்வுக்கு வரும் இடம் இது.

## படிக்க விரும்புகிறவர்களுக்கு

எம்.இ. பாடத்திட்டத்தில் நான்கு பெரிய பெயர்கள் வரும். எந்த லைனில் எவ்வளவு போகிறது, எங்கே என்ன வோல்டேஜ் என்பது லோடு ஃப்ளோ. ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்ட் பாயும் என்பது ஃபால்ட் அனாலிசிஸ். தாளம் தப்புமா என்பது ஸ்டெபிலிட்டி. கவர்னர், ரெகுலேட்டர், டெல்லி சிக்னல் எல்லாம் கண்ட்ரோல். மேட்ரிக்ஸும் வகைக்கெழுச் சமன்பாடும் கைவசம் இல்லாமல் உள்ளே போனால் முதல் செமஸ்டரிலேயே மூச்சு முட்டும்.

முதலில் செய்து பார்க்க ஒரு கணக்கு போதும், எக்ஸெலிலேயே போடலாம். நேரம் 0.001 நொடி வீதம் கீழே இறங்கட்டும். முழு லோடை 1 என்று வைத்தால், உள்ளே வரும் சக்தி எப்போதும் 1. வெளியே போகும் சக்தி, ஷார்ட் இருக்கும்வரை 0. லைன் வெட்டப்பட்டபின் கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கு. இரண்டின் வித்தியாசத்தை 3000ஆல் பெருக்கினால் கோணத்தின் முடுக்கம், டிகிரி கணக்கில். முடுக்கத்தை 0.001ஆல் பெருக்கி வேகத்தோடு கூட்டுங்கள், வேகத்தை 0.001ஆல் பெருக்கிக் கோணத்தோடு கூட்டுங்கள். தொடக்கக் கோணம் 30, தொடக்க வேகம் 0. எக்ஸெலின் சைன் ரேடியனில் கேட்கும், மறந்தால் விடை குப்பை. ஷார்ட் நீங்கும் நேரத்தை 0.18 என்று வைத்தால் கோணம் ஏறித் திரும்பி இறங்கும். 0.19 என்று மாற்றினால் ஏறிக்கொண்டே போகும்.